நூறு கிலோ கிளிஞ்சல், எத்தனை கிலோ சுண்ணாம்பு?

வெற்றிலை போடச் சுண்ணாம்பு வேண்டும். சுவருக்கு வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். மண் புளித்துப்போன வயலுக்கும் சுண்ணாம்பு வேண்டும். இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

கடலிலும் காயலிலும் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலும் கிடைக்கும். இது நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த தொழில்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்குங்கள். ஒரு பக்கம் கோட்டை வாசல். இன்னொரு பக்கம் சாலைக் கடைத்தெரு. கடைத்தெருவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்கிறார்கள். கோட்டைக்கு உள்ளே பழைய மாளிகைகள் நிற்கின்றன. அவை சிமெண்டு வராத காலத்துக் கட்டடங்கள். அந்தக் காலத்தில் கல்லையும் செங்கல்லையும் பிடித்து நிறுத்தியது சுண்ணாம்புச் சாந்துதான்.

சுண்ணாம்பு சுடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குத் தெரியாவிட்டால் உழைப்பவருக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் நஷ்டம். அதன் பெயர் விளைச்சல் சதவீதம். அதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

பாதிக்கு மேல் எங்கே போனது?

ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோ உலர்ந்த கிளிஞ்சலைப் போட்டுச் சுட்டார்கள். தீ அணைந்தது. சுட்ட சுண்ணாம்பை அள்ளி நிறுத்தார்கள். 45 கிலோ இருந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தது.

"நூறு கிலோ போட்டோம். நாற்பத்தைந்து கிலோதான் வந்திருக்கு. ஐம்பத்தைந்து கிலோ எங்கேம்மா போச்சு?"

காளவாயில் வேலை செய்யும் அம்மா பதில் சொன்னார்.

"நாங்க எங்கே முதலாளி கொண்டு போனோம்? புகையோட போச்சு."

"அம்பத்தஞ்சு கிலோவும் புகையாப் போகுமா? யார் கிட்ட கதை சொல்றே? கூலியில பிடிச்சுக்கிறேன்."

இந்தச் சண்டையில் யார் சொல்வது சரி? கோபத்தால் இதைத் தீர்க்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதற்குக் கிளிஞ்சலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

கிளிஞ்சலுக்குள் என்ன இருக்கிறது?

கிளிஞ்சலில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அவை கால்சியம், கார்பன், ஆக்சிஜன். நம் எலும்பில் இருப்பதும் கால்சியம்தான். கரியில் இருப்பது கார்பன். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் இருப்பது ஆக்சிஜன்.

இந்த மூன்றும் தம் விருப்பம் போலச் சேர்வதில்லை. அவற்றுக்கு ஓர் அளவு உண்டு. 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலை எடுத்துக்கொண்டால் அளவு இப்படி இருக்கும்:

கால்சியம் – 40 கிலோ
கார்பன் – 12 கிலோ
ஆக்சிஜன் – 48 கிலோ
மொத்தம் – 100 கிலோ

கேரளத்துக் காயலில் எடுத்தாலும் இதே அளவுதான். பழவேற்காட்டில் எடுத்தாலும் இதே அளவுதான். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் உள்ள சுத்தமான பகுதிக்கும் இதே அளவுதான்.

காளவாயில் சூடு ஏறுகிறது. ஏறக்குறைய 900 டிகிரி வரை ஏற வேண்டும். கொதிக்கிற தண்ணீரின் சூடு 100 டிகிரி. அதைப்போல் ஒன்பது மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் கிளிஞ்சல் இரண்டாகப் பிரிகிறது.

கார்பன் முழுவதும் வெளியே கிளம்புகிறது. போகும்போது 32 கிலோ ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு போகிறது. 12-ம் 32-ம் சேர்ந்தால் 44. இந்த 44 கிலோவும் காற்றாகப் போகிறது. இந்தக் காற்றின் பெயர் கார்பன் டை ஆக்சைடு. இதைக் கரியமிலக் காற்று என்றும் சொல்வார்கள். இது கண்ணுக்குத் தெரியாது.

மீதி என்ன இருக்கிறது? கால்சியம் 40 கிலோ. ஆக்சிஜன் 16 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 56. இந்த 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பு.

100 கிலோ கிளிஞ்சல் = 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு + 44 கிலோ காற்று

இப்படி ஒரு பொருள் வேறு பொருளாக மாறுவதை வேதி மாற்றம் என்கிறோம். கிளிஞ்சல் போய்விட்டது. சுண்ணாம்பும் காற்றும் வந்திருக்கின்றன. ஆனால் மொத்த எடை மாறவில்லை.

எடை போட்டுக் கண்டுபிடித்தவர்

காற்றுக்கும் எடை உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. முன்பு படித்தவர்களுக்கும் இது சரியாகத் தெரியாது.

ஸ்காட்லாந்து நாட்டில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவர் இருந்தார். அவர் சுண்ணாம்புக் கல் போன்ற பொருள்களைச் சுடுவதற்கு முன்னும் சுட்ட பின்னும் தராசில் வைத்து நிறுத்தார். எடை குறைந்திருந்தது. குறைந்த எடை ஒரு காற்றாக வெளியே போயிருக்கிறது என்று கண்டார். அந்தக் காற்றைத் திரும்பச் சேர்த்தால் பழைய பொருள் கிடைக்கும் என்பதையும் காட்டினார். தம் ஆராய்ச்சியை 1756-ல் வெளியிட்டார். அப்போது இங்கே திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மர் ஆண்டுகொண்டிருந்தார்.

பின்னால் பிரான்சு நாட்டில் லவாய்சியர் என்ற அறிஞர் வந்தார். மாற்றத்துக்கு முன் இருந்த மொத்த எடையும் பின் இருக்கும் மொத்த எடையும் ஒன்றே என்று 1789-ல் தம் புத்தகத்தில் எழுதினார். எடை காணாமல் போவதில்லை. இடம் மாறுகிறது. அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேரின் கருவியும் தராசுதான். நம் கடைத்தெருவிலும் தராசு இருக்கிறது.

நாம் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பில் சிறிது எடுத்து நிறையத் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மறுநாள் மேலே தெளிந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் இறுத்து எடுங்கள். ஒரு குழல் வைத்து அந்த நீரில் மெல்ல ஊதுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. தெளிந்த நீர் பால் போல வெளுக்கும். நம் மூச்சில் கரியமிலக் காற்று இருக்கிறது. அது சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடியும் கிளிஞ்சல் பொருளாக மாறுகிறது. அதனால்தான் நீர் வெளுக்கிறது.

சதவீதம் என்றால் என்ன?

சதம் என்றால் நூறு. நூற்றுக்கு எத்தனை என்று சொல்வதே சதவீதம்.

நம் கற்கும் மையத்தில் 40 பேர் படிக்கிறார்கள். இன்று 30 பேர் வந்தார்கள். நூற்றுக்கு எத்தனை?

30 ÷ 40 × 100 = 75

ஆகவே 75 சதவீதம் பேர் வந்திருக்கிறார்கள். வந்தவர்களை வர வேண்டியவர்களால் வகுத்தோம். பிறகு 100-ஆல் பெருக்கினோம்.

விளைச்சல் சதவீதமும் இப்படித்தான்.

கிடைத்தது ÷ கிடைக்க வேண்டியது × 100 = விளைச்சல் சதவீதம்

இதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "கிடைக்க வேண்டியது" என்று இருக்கிறது. "போட்டது" என்று இல்லை. இந்த வேறுபாடுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

நெல் அரைக்கிறவர்களுக்கு இது தெரியும். 100 கிலோ நெல்லைக் கொடுத்துவிட்டு 100 கிலோ அரிசி யாரும் கேட்பதில்லை. உமியும் தவிடும் போகும் அல்லவா? அரசு கொள்முதல் செய்யும் நெல்லுக்கு மத்திய அரசு ஓர் அளவு வைத்திருக்கிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ. பச்சரிசி 67 கிலோ. மில்லில் 68 கிலோவுக்குப் பதில் 66 கிலோ வந்தால் குறைந்தது 2 கிலோ. 34 கிலோ என்று சண்டை போட மாட்டோம்.

நெல்லில் போகும் உமி கண்ணுக்குத் தெரிகிறது. சுண்ணாம்பில் போகும் காற்று தெரிவதில்லை. அதனால்தான் காளவாயில் சண்டை வருகிறது.

சண்டையைக் கணக்கால் தீர்ப்போம்

இப்போது முதலாளியின் கேள்விக்கு வருவோம்.

போட்ட கிளிஞ்சல் – 100 கிலோ
கிடைக்க வேண்டிய சுண்ணாம்பு – 56 கிலோ
கிடைத்த சுண்ணாம்பு – 45 கிலோ

45 ÷ 56 × 100 = 80 (ஏறக்குறைய)

விளைச்சல் 80 சதவீதம்.

முதலாளி 55 கிலோ காணவில்லை என்றார். அதில் 44 கிலோ காற்றாகப் போனது. எந்தக் கெட்டிக்காரர் சுட்டாலும் அது போகத்தான் செய்யும். அதற்குக் கூலியில் பிடிப்பது நியாயம் இல்லை. விசாரிக்க வேண்டியது மீதி 11 கிலோவைத்தான்.

அந்த அம்மா சொன்னதும் முழுச் சரி இல்லை. எல்லாமே புகையோடு போகவில்லை. 11 கிலோ வேறு வழியில் போயிருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடித்தால் அடுத்த முறை 50 கிலோ எடுக்கலாம். 

100 கிலோ இல்லாமல் வேறு அளவு கிளிஞ்சல் போட்டால்? அதற்கும் வழி எளிது. போட்ட கிலோவை 56-ஆல் பெருக்குங்கள். 100-ஆல் வகுங்கள்.

250 கிலோ போட்டால்: 250 × 56 ÷ 100 = 140 கிலோ கிடைக்க வேண்டும்.
119 கிலோ கிடைத்தது என்றால்: 119 ÷ 140 × 100 = 85 சதவீதம்.

மண்ணும் ஈரமும்

காயலில் எடுத்த கிளிஞ்சல் சுத்தமாக இருக்காது. மணலும் சேறும் ஒட்டியிருக்கும். ஈரமும் இருக்கும். தராசு இதையெல்லாம் சேர்த்துத்தான் காட்டும்.

ஒரு காளவாயில் 210 கிலோ கிளிஞ்சல் போட்டார்கள் என்று வையுங்கள். அதில் 10 கிலோ மணல். கிடைத்த சுண்ணாம்பு 98 கிலோ. விளைச்சல் எத்தனை? மூன்று பேர் மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

முதல் ஆள்: 98 ÷ 210 × 100 = 47 சதவீதம். இவர் காற்றையும் மறந்தார், மணலையும் மறந்தார்.

இரண்டாம் ஆள்: 210 கிலோவுக்கு 117.6 கிலோ கிடைக்க வேண்டும் என்றார். 98 ÷ 117.6 × 100 = 83 சதவீதம். இவர் மணலை மறந்தார்.

மூன்றாம் ஆள்: மணலைக் கழித்தால் கிளிஞ்சல் 200 கிலோ. கிடைக்க வேண்டியது 112 கிலோ. 98 ÷ 112 × 100 = 87.5 சதவீதம்.

மூன்றாம் ஆள் சொல்வதே சரி. காளவாய் ஒன்றுதான். உழைப்பும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கணக்கில் அது பாதிக்கும் குறைவான வேலை. இன்னொருவர் கணக்கில் நல்ல வேலை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நியாயமும் அநியாயமும் வருகிறது.

அதனால் கிளிஞ்சலைக் கழுவி, காயவைத்து, பிறகு நிறுக்க வேண்டும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அதுவே நல்லது.

நூற்றுக்கு மேல் வந்தால்?

இப்போது ஒரு வேடிக்கையான கணக்கு. 100 கிலோ கிளிஞ்சல் போட்டார்கள். வெளியே எடுத்து நிறுத்தால் 67 கிலோ இருக்கிறது.

67 ÷ 56 × 100 = 120 சதவீதம் (ஏறக்குறைய)

கிடைக்க வேண்டியதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கிறது! சந்தோஷப்படலாமா?

கூடாது. சந்தேகப்பட வேண்டும். விளைச்சல் 100-ஐத் தாண்டவே முடியாது. தாண்டினால் வேறு ஏதோ அதில் கலந்திருக்கிறது என்று பொருள்.

என்ன கலந்திருக்கும்? பெரும்பாலும் வேகாத கிளிஞ்சல். 100 கிலோவில் 75 கிலோ மட்டும் வெந்தது என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோவிலிருந்து 42 கிலோ சுண்ணாம்பு வரும். வேகாத கிளிஞ்சல் 25 கிலோ அப்படியே கிடக்கும். 42-ம் 25-ம் சேர்ந்தால் 67. இதுதான் ரகசியம்.

உண்மையான சுண்ணாம்பு 42 கிலோ. ஆகவே உண்மையான விளைச்சல் 42 ÷ 56 × 100 = 75 சதவீதம். 120 சதவீதம் இல்லை.

இதை வாங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். 67 கிலோவுக்குக் காசு கொடுக்கிறார். அவருக்குக் கிடைக்கும் சுண்ணாம்பு 42 கிலோ. மீதி 25 கிலோ வெறும் கிளிஞ்சல். தீ குறைவாகப் போட்டால் எடை கூடுகிறது. எடையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சுட்ட சுண்ணாம்பில் ஒரு கிலோ எடுங்கள். ஒரு மண் பானையில் நிறையத் தண்ணீர் வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தள்ளி நில்லுங்கள். நன்றாக வெந்த சுண்ணாம்பு சூடாகி, பொரிந்து, குழைந்து போகும். வேகாத துண்டு குழையாது. அடியில் கல் போலத் தங்கும். ஆறிய பிறகு அந்தத் துண்டுகளை எடுத்து, நன்றாகக் கழுவி, காயவைத்து நிறுங்கள். ஒரு கிலோவில் 200 கிராம் தங்கினால் 20 சதவீதம் வேகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கழுவிய துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது வேகாத கிளிஞ்சல்தான்.

விளைச்சல் எந்த வழியில் குறைகிறது?

சதவீதம் தெரிந்தவுடன் யார் மேலும் பழி போட வேண்டாம். காரணத்தைத் தேடுங்கள்.

1. சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறவில்லை. நடுவில் வெந்தது. ஓரத்தில் வேகவில்லை.

2. சூடு மிகவும் அதிகமாகிவிட்டது. சில துண்டுகள் இறுகிப் போயின. அவை தண்ணீரில் எளிதாக நீறாது. எடையில் இருக்கும், வேலைக்கு உதவாது.

3. அள்ளும்போது பொடிச் சுண்ணாம்பு சாம்பலோடு சேர்ந்து வெளியே போனது.

4. சுட்ட சுண்ணாம்பைத் திறந்து போட்டுவிட்டார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமிலக் காற்றையும் குடித்தது. எடை கூடியது. வீரியம் குறைந்தது. ஆகவே ஆறியவுடன் நிறுக்க வேண்டும், மூடி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்களை எழுதி வையுங்கள். போட்டது, கிடைக்க வேண்டியது, கிடைத்தது, சதவீதம். பத்து முறை எழுதினால் போதும். எந்த முறை ஏன் குறைந்தது என்று புத்தகமே சொல்லும். வாய்ச் சண்டைக்கு வேலை இருக்காது.

தண்ணீர் சேர்த்தால் எடை கூடும்

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் அது நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கிறது. மலையாளத்தில் கும்மாயம் என்கிறார்கள். இதிலும் கணக்கு உண்டு.

56 கிலோ சுட்ட சுண்ணாம்பு + 18 கிலோ தண்ணீர் = 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு

18 கிலோ தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஆனாலும் கையில் பிடித்தால் உலர்ந்த பொடியாகவே இருக்கும்.

கடையில் இரண்டு விலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுட்ட சுண்ணாம்பு கிலோ 15 ரூபாய். நீற்றிய பொடி கிலோ 12 ரூபாய். எது மலிவு? பொடிதான் மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

56 கிலோ சுட்ட சுண்ணாம்பு: 56 × 15 = 840 ரூபாய்
அதே அளவு வேலை செய்யும் 74 கிலோ பொடி: 74 × 12 = 888 ரூபாய்

பொடிதான் 48 ரூபாய் அதிகம். தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். ஆனால் நீற்றும் வேலையும் ஆபத்தும் நமக்கு இல்லை. இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சாந்தாக்கிச் சுவரில் பூசுகிறார்கள். அது காற்றிலிருந்து கரியமிலக் காற்றை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது. தண்ணீரை விட்டுவிடுகிறது. 74 கிலோவோடு 44 கிலோ காற்று சேர்கிறது. 18 கிலோ தண்ணீர் போகிறது. 74-ம் 44-ம் சேர்ந்தால் 118. அதில் 18 போனால் 100. மறுபடியும் 100 கிலோ கிளிஞ்சல் பொருள்! பழைய சுவர்களில் சாந்து கல் போல இறுகியிருப்பது இதனால்தான்.

காயலும் தொழிற்சாலையும்

கேரளத்தில் கிளிஞ்சலைக் கக்கா என்கிறார்கள். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. அங்கே கக்கா வாரிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. கறுப்புக் கக்காயின் சதை உணவுக்குப் போகிறது. ஓடு சுண்ணாம்புக்குப் போகிறது. காயலின் அடியில் பல காலமாகப் புதைந்து கிடக்கும் பழைய ஓட்டை வெள்ளைக் கக்கா என்பார்கள். கோட்டயம் அருகே நாட்டகத்தில் 1946-ல் திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. காயலில் எடுத்த கக்காயைக் கொண்டு அது பல ஆண்டுகள் வெள்ளைச் சிமெண்டு செய்தது.

திருவனந்தபுரத்திலும் அதே 1946-ல் ஒரு தொழிற்சாலை வந்தது. கொச்சுவேளியில் உள்ள திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை அது. கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் என்ற கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பொடி எடுக்கிறார்கள். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருவது அந்தப் பொடி. சுத்தமான இல்மனைட் 152 கிலோவிலிருந்து அதிகபட்சம் 80 கிலோ பொடிதான் எடுக்க முடியும். 72 கிலோ கிடைத்தால் விளைச்சல் 72 ÷ 80 × 100 = 90 சதவீதம். காளவாய்க்கு உள்ள கணக்குதான் பெரிய தொழிற்சாலைக்கும்.

பல படிகள் உள்ள வேலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் படியில் 90 சதவீதம், இரண்டாம் படியிலும் 90 சதவீதம் என்றால் முடிவில் 90 வராது. 100 என்பது முதலில் 90 ஆகும். அந்த 90-ல் 90 சதவீதம் 81. ஆகவே 81 சதவீதம்தான் கிடைக்கும். மருந்து செய்வது போலப் படிகள் கூடிய வேலையில் ஒவ்வொரு படியிலும் சிந்தாமல் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

விளைச்சல் கூடினால் லாபம் மட்டும் இல்லை. ஒரே அளவு சுண்ணாம்புக்குக் குறைந்த கிளிஞ்சல் போதும். குறைந்த விறகு போதும். புகையும் குறையும். காயலில் கக்காயும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.

எச்சரிக்கை

சுட்ட சுண்ணாம்பு ஆபத்தானது. தண்ணீர் பட்டால் கொதிக்கும்.

மூடிய பாட்டிலில் சுண்ணாம்பையும் தண்ணீரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது வெடிக்கும்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அழுத்தும்போது கண்ணில் பீய்ச்சி அடித்து, பார்வை போன குழந்தைகள் உண்டு.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கசக்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரை விட்டு விட்டு 20 நிமிடமாவது கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எரியும் காளவாயின் ஓரத்தில் குளிருக்கு இதம் என்று படுத்துத் தூங்காதீர்கள். கரியமிலக் காற்று தாழ்வாகப் பரவும். கரிப்புகையில் வேறு நச்சுக் காற்றும் உண்டு. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பயிற்சி

1. 500 கிலோ சுத்தமான, உலர்ந்த கிளிஞ்சல் போட்டார்கள். எத்தனை கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்க வேண்டும்?

2. அந்த 500 கிலோவில் 210 கிலோ சுண்ணாம்பு கிடைத்தது. விளைச்சல் எத்தனை சதவீதம்?

3. 50 கிலோ கிளிஞ்சல் சுட்டேன், 35 கிலோ அசல் சுண்ணாம்பு எடுத்தேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

4. உங்கள் ஊரில் போட்டதைவிடக் குறைவாக எடை வரும் தொழில்கள் என்னென்ன? அந்தத் தொழில்களில் "கிடைக்க வேண்டியது" எவ்வளவு என்று தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மையத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.

விடைகள்

1. 500 × 56 ÷ 100 = 280 கிலோ.

2. 210 ÷ 280 × 100 = 75 சதவீதம்.

3. நம்ப முடியாது. 50 கிலோவுக்கு 28 கிலோதான் கிடைக்க வேண்டும். 35 ÷ 28 × 100 = 125 சதவீதம். நூறைத் தாண்டிவிட்டது. வேகாத கிளிஞ்சலோ வேறு பொருளோ கலந்திருக்கிறது. ஒரு கிலோ எடுத்து நீற்றிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.